வழுநீக்கியில் வகைமாற்று வழுக்கள்: ஒரு வரலாறு

டீபக்கர் என்று கணினித் துறையினர் அழைக்கும் வழுநீக்கி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நடுவில் நிறுத்தி, அந்த நேரத்தில் அதன் நினைவகத்தில் என்ன இருக்கிறது என்று காட்டும் கருவியாகும். சி, சி++ போன்ற மொழிகளில் எழுதப்பட்டு, தொகுப்பியால் இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட நிரல்களைச் சோதிக்க இது இன்றியமையாதது. நிரலில் உள்ள வழுவைக் காட்டவேண்டிய இக்கருவியிலேயே வழு இருந்தால், நிரலர் பிழையில்லாத இடத்தில் பிழையைத் தேடி நாட்களை இழப்பார். வழுநீக்கிகளில் நெடுங்காலம் தங்கியிருந்த வழுக்களில் ஒரு முக்கியமான பிரிவு, வகைமாற்று தொடர்பானது. அதாவது, ஒரு மதிப்பை ஒரு தரவு வகையிலிருந்து இன்னொரு தரவு வகைக்கு மாற்றும்போது நேரும் தவறுகள். இக்கட்டுரை அவற்றின் வரலாற்றையும், குறிப்பாக 'ஜிடிபி' எனப்படும் குனூ வழுநீக்கியில் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பில் களையப்பட்ட ஒரு பழைய ஊகத்தையும் விளக்குகிறது.

நினைவகத்துக்கு வகை தெரியாது

பழைய தமிழ்க் கணக்கேடுகளில் 'க' என்ற வடிவம் எழுத்தாகவும் வரும், 1 என்ற எண்ணாகவும் வரும். 'உ' என்பது 2. 'எ' என்பது 7. 'அ' என்பது 8. ஓலையில் உள்ள கீறலை மட்டும் பார்த்து அது எழுத்தா எண்ணா என்று சொல்ல முடியாது. முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, இது கணக்கா பாட்டா என்று அறிந்தவர்தான் சரியாகப் படிப்பார். பழம்புலவர்கள் இந்த இரட்டைப் பொருளை வைத்துச் சிலேடையே செய்திருக்கிறார்கள்.

கணினியின் நினைவகமும் அத்தகைய ஓலைதான். அதில் இருப்பவை பைட்டுகள் மட்டுமே. அடுத்தடுத்த 4 பைட்டுகள் ஒரு முழு எண்ணாக இருக்கலாம்; புள்ளிக்குப் பின் இலக்கங்கள் கொண்ட மிதவைப் புள்ளி எண்ணாக இருக்கலாம்; 4 எழுத்துகளாகவோ, வேறோர் இடத்தைக் காட்டும் முகவரியாகவோகூட இருக்கலாம். 3.14 என்ற எண்ணை 'ஃப்ளோட்' வகையில் 4 பைட்டுகளில் சேமித்துவிட்டு, அதே பைட்டுகளை 'இன்ட்' எனப்படும் முழு எண் வகையாகப் படித்தால் 1078523331 என்று வரும். பைட்டுகளில் எந்த மாற்றமும் இல்லை. படித்த விதம்தான் வேறு.

இதனால் வகைமாற்று என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. 3.14-ஐ முழு எண்ணாக மாற்று என்றால் 3 என்ற விடை வருவது மதிப்பை மாற்றுவது. அதே பைட்டுகளை முழு எண்ணாகப் படி என்றால் 1078523331 வருவது படிக்கும் முறையை மாற்றுவது. முதலாவதில் பைட்டுகள் மாறும், பொருள் ஏறத்தாழ நிலைக்கும். இரண்டாவதில் பைட்டுகள் நிலைக்கும், பொருள் மாறிவிடும். வழுநீக்கிகளின் வகைமாற்று வழுக்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். பெரும்பாலான தவறுகள், ஒன்றைச் செய்யவேண்டிய இடத்தில் மற்றொன்றைச் செய்ததால் வந்தவை.

தொகுப்பியிடம் இந்தச் சிக்கல் இல்லை. மூல நிரலில் ஒவ்வொரு மாறியின் வகையும் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்தே அது இயந்திரக் கட்டளைகளை உருவாக்குகிறது. உருவாக்கி முடித்ததும் வகைகள் மறைந்துவிடுகின்றன. வழுநீக்கி வந்து சேர்வது அதற்குப் பிறகுதான்.

வகை நிரலரின் நினைவில் இருந்த காலம்

தொடக்ககால வழுநீக்கிகள் வகைகளைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற 'ஏடிபி' என்னும் வழுநீக்கியில், நிரலர் முகவரியைக் கொடுத்து அதன் பின்னால் ஒரு குறியெழுத்தையும் கொடுக்கவேண்டும். பதின்ம எண்ணாகக் காட்டு, எண்ம எண்ணாகக் காட்டு, மிதவைப் புள்ளி எண்ணாகக் காட்டு, எழுத்துச் சரமாகக் காட்டு, இயந்திரக் கட்டளையாகக் காட்டு என ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து உண்டு. எந்த இடத்தில் எந்த வகை இருக்கிறது என்பது நிரலருக்குத் தெரிந்திருக்கவேண்டும். இது வசதிக் குறைவுதான். ஆனால் இதில் பொய் இல்லை. கருவி தனக்குத் தெரியாத எதையும் தெரிந்ததுபோலக் காட்டவில்லை.

அந்நாளைய மொழிகளின் வரலாறும் இதனுடன் பிணைந்தது. மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பிசிபிஎல், அதிலிருந்து கென் தாம்சன் உருவாக்கிய பி ஆகிய மொழிகளில் தரவு வகை என்பதே கிடையாது. எல்லாமே இயந்திரச் சொல் என்னும் ஒரே அளவுடைய கலம். பைட்டுகளைத் தனித்தனியே அணுகக்கூடிய பிடிபி-11 கணினிக்கு மாறியபோது அந்த முறை இடறியது. டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் பி மொழியில் வகைகளைச் சேர்க்க, அது சி ஆயிற்று. ஆனால் வகையில்லாக் காலத்தின் ஒரு பழக்கம் புதிய மொழியிலும் ஒட்டிக்கொண்டது. ஒரு செயற்கூறு என்ன வகை விடையைத் தரும் என்று அறிவிக்காமலே அதை அழைத்தால், அது 'இன்ட்' தரும் என்று தொகுப்பி தானாக எடுத்துக்கொள்ளும். 1989-ஆம் ஆண்டின் தரநிலையும் இவ்விதியைக் காத்தது. 1999-ஆம் ஆண்டின் சி தரநிலைதான் அதை நீக்கியது. மொழி கைவிட்ட பின்னும் இப்பழக்கம் வழுநீக்கிக்குள் வாழ்ந்ததுதான் பின்னால் வரும் கதை.

தொகுப்பி எழுதிவைக்கும் குறிப்புகள்

மாறியின் பெயரைச் சொன்னாலே அதன் மதிப்பைச் சரியான வகையில் காட்டும் வழுநீக்கி வேண்டுமானால், தொகுப்பி தனக்குத் தெரிந்ததை எங்காவது எழுதிவைக்கவேண்டும். இதற்காக உருவான பழைய வடிவங்களில் 'ஸ்டாப்ஸ்' பெயர்பெற்றது. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில், 'பிடிஎக்ஸ்' என்னும் பாஸ்கல் மொழி வழுநீக்கிக்காகப் பீட்டர் கெஸ்லர் இதை உருவாக்கியதாக ஜிடிபி ஆவணங்கள் கூறுகின்றன. அதே பல்கலைக்கழகத்தில் 1980-களின் தொடக்கத்தில் மார்க் லின்டன் எழுதிய 'டிபிஎக்ஸ்' வழுநீக்கி பல யூனிக்ஸ் கணினிகளுக்கும் பரவியது.

ஸ்டாப்ஸ் வடிவத்தைப் பார்த்தால் பாஸ்கலின் சாயல் தெரியும். ஒவ்வொரு எண் வகையும் கீழ்வரம்பு, மேல்வரம்பு என்ற இரு எண்களால் விவரிக்கப்பட்டது. 'இன்ட்' என்பது -2147483648 முதல் 2147483647 வரை உள்ள வீச்சு. எதன் வீச்சு என்றால், தன்னுடைய வீச்சேதான்! அடிப்படை வகையைச் சொல்ல வேறு வழி இல்லாததால் அதைத் தன்னைக்கொண்டே வரையறுத்தார்கள். குறியற்ற முழு எண்ணின் மேல்வரம்பு 4294967295. அது அந்நாளைய வழுநீக்கியின் 'இன்ட்' மாறிக்குள் அடங்காது. ஆகவே 0 முதல் -1 வரை என்று எழுதினார்கள். மிதவைப் புள்ளி எண்ணுக்கு வீச்சே பொருந்தாது. அதற்குக் கீழ்வரம்பின் இடத்தில் பைட்டுகளின் எண்ணிக்கையையும், மேல்வரம்பின் இடத்தில் 0-வையும் வைத்தார்கள். அதாவது, '4 முதல் 0 வரை' என்றிருந்தால் அது 4 பைட்டு மிதவைப் புள்ளி எண் என்று வழுநீக்கி புரிந்துகொள்ளவேண்டும். இவை தரவு வகையின் விளக்கங்கள் அல்ல, விடுகதைகள். விடுகதையைத் தவறாக விடுவித்த வழுநீக்கி, எண்ணைத் தவறாகக் காட்டியது.

இந்நிலையை மாற்றியது 'டுவார்ஃப்' வடிவம். பெல் ஆய்வகத்தில் பிரையன் ரசல் 1980-களில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். இதில் ஒவ்வொரு அடிப்படை வகைக்கும் பெயர், பைட்டு அளவு, குறியுள்ளதா குறியற்றதா மிதவைப் புள்ளியா என்ற குறிப்பு ஆகியவை தனித்தனியே எழுதப்படுகின்றன. 'மாறாத எழுத்தைச் சுட்டும் சுட்டி' போன்ற கூட்டு வகைகள் சங்கிலிபோல ஒன்றையொன்று காட்டுகின்றன. இரண்டாம் பதிப்பு 1993-லும், ஐந்தாம் பதிப்பு 2017 பிப்ரவரியிலும் வந்தன. வழுநீக்கி ஊகிக்கவேண்டிய தேவை இதனால் பெருமளவு குறைந்தது. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: நிரலைத் தொகுக்கும்போது இக்குறிப்புகளை எழுதும்படி தொகுப்பியிடம் கேட்டிருக்கவேண்டும்.

இயக்குதளத்துடன் வரும் நூலகங்கள் பெரும்பாலும் இக்குறிப்புகள் நீக்கப்பட்டே வருகின்றன. இடத்தை மிச்சப்படுத்தவே இப்படிச் செய்கிறார்கள். அத்தகைய நூலகத்தில் வழுநீக்கிக்குக் கிடைப்பவை இரண்டே: செயற்கூறு அல்லது மாறியின் பெயர், அதன் முகவரி. வகை கிடைப்பதில்லை.

தெரியாததெல்லாம் 'இன்ட்'

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-இல் ஜிடிபியை எழுதினார். டிபிஎக்ஸ் வழுநீக்கியே அதற்கு முன்மாதிரி. நிரலர் சி மொழியில் ஒரு கோவையைத் தட்டச்சு செய்தால், ஜிடிபி அதைத் தானே பகுத்துக் கணக்கிட்டு விடை தரும். கோவையில் செயற்கூறு அழைப்பு இருந்தால், சோதிக்கப்படும் நிரலுக்குள்ளேயே அதை உண்மையாக ஓடவைத்து விடையைப் பெறும். இந்த வசதி மிக வலிமையானது. வழு நுழைந்ததும் இங்கேதான்.

குறிப்புகள் இல்லாத செயற்கூறு 'இன்ட்' தரும் என்றும், குறிப்புகள் இல்லாத மாறி 'இன்ட்' வகையைச் சேர்ந்தது என்றும் ஜிடிபி எடுத்துக்கொண்டது. சி மொழியின் பழைய விதியை அப்படியே பின்பற்றிய முடிவு இது. அந்நாளில் இதைக் குறைசொல்லவும் இயலாது. 32 பிட்டு கணினிகளில் முழு எண்ணும் சுட்டியும் ஒரே அளவு, 4 பைட்டு. சூழல் மாறி ஒன்றின் மதிப்பைத் தரும் 'கெட்என்வ்' செயற்கூறு 3221222312 என்ற முகவரியைத் தந்தால், ஜிடிபி அதை -1073744984 என்று காட்டும். பார்க்க விசித்திரமாக இருந்தாலும் ஒரு பிட்டும் தொலையவில்லை. அதை எழுத்துச் சுட்டியாக மாற்று என்று நிரலர் சொன்னால், சரியான முகவரி திரும்பக் கிடைத்து, சரமும் தெரியும். தவறான ஊகம் சரியான விடையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. மாணவர் தவறான வழியில் போய்ச் சரியான விடை எழுதிவிட்டால், அந்தத் தவறு திருத்தப்படாமலே அடுத்த வகுப்புக்குப் போய்விடும் அல்லவா? அதுபோலத்தான்.

அடுத்த வகுப்பு 64 பிட்டு கணினி. 1992-இல் டிஜிட்டல் நிறுவனம் ஆல்ஃபாவை அறிமுகப்படுத்தியது. 2003-இல் ஏஎம்டியின் ஆப்டெரான் வந்தபின் 64 பிட்டு சாதாரணக் கணினிகளுக்கும் இறங்கியது. யூனிக்ஸ், லினக்ஸ் வழியில் இங்கே சுட்டி 8 பைட்டு. 'இன்ட்' மட்டும் பழையபடி 4 பைட்டு.

இப்போது அதே 'கெட்என்வ்' 140737488348072 என்ற முகவரியைத் தருவதாகக் கொள்வோம். விடை 'இன்ட்' என்று நம்பும் ஜிடிபி, கீழ்ப்பாதியான 32 பிட்டுகளை மட்டும் எடுக்கிறது. அதன் மதிப்பு 4294960040. குறியுள்ள எண்ணாகப் படித்தால் -7256. நிரலர் வழக்கம்போல, இதை எழுத்துச் சுட்டியாக மாற்று என்கிறார். ஜிடிபி -7256-ஐ 64 பிட்டுக்கு நீட்டுகிறது. எதிர்ம எண் என்பதால் மேல்பாதி முழுவதும் 1-களால் நிரம்புகிறது. கிடைப்பது 18446744073709544360 என்ற முகவரி. அங்கே எதுவும் இல்லை. 'இந்த முகவரியில் உள்ள நினைவகத்தை அணுக இயலவில்லை' என்ற செய்தி திரையில் வரும். நிரலர் என்ன நினைப்பார்? தன் நிரல் சூழல் மாறிகளைக் கெடுத்துவிட்டது என்றுதான் நினைப்பார். நிரலில் ஒரு குறையும் இல்லை.

வர்க்கமூலம் காணும் செயற்கூறு வேறு விதமாக ஏமாற்றியது. 64 பிட்டு இன்டெல் வகைச் செயலிகளில் முழு எண் விடை ஒரு பதிவகத்தில் வரும், மிதவைப் புள்ளி விடை முற்றிலும் வேறொரு பதிவகத்தில் வரும். 'இன்ட்' என்று நம்பிய ஜிடிபி, முழு எண்ணுக்குரிய பதிவகத்தைப் பார்த்து, அங்கே ஏற்கெனவே கிடந்த எதையோ விடை என்று காட்டியது. இங்கே வகைமாற்றியும் பயனில்லை, ஏனெனில் கையில் இருக்கும் பைட்டுகளே விடையின் பைட்டுகள் அல்ல.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது பெரிய கட்டமைப்பு ஒன்றை விடையாகத் தரும் செயற்கூறு. அது தன் விடையை எழுதவேண்டிய இடத்தின் முகவரியை அழைப்பவரே மறைமுகமாக அனுப்பவேண்டும் என்பது அச்செயலிகளுக்கான விதி. 'இன்ட்' என்று நம்பும் வழுநீக்கி அதை அனுப்பாது. செயற்கூறோ, அந்தப் பதிவகத்தில் இருப்பதை முகவரி என்று நம்பி அங்கே எழுதிவிடும். அப்போது வழுநீக்கி தவறாகக் காட்டுவதோடு நிற்கவில்லை. தான் சோதிக்கும் நிரலையே கெடுக்கிறது.

மாறிகளின் கதை சற்று எளிது. 8 பைட்டு கொண்ட 'லாங்' மாறியில் 42 இருந்தால், சிறு பகுதியை முதலில் வைக்கும் இன்டெல் வகைக் கணினிகளில் முதல் 4 பைட்டைப் படித்தாலும் 42 வரும். பெரும் பகுதியை முதலில் வைக்கும் ஸ்பார்க் போன்ற கணினிகளில் 0 வரும். ஒரே வழு ஒரு கணினியில் தெரியும், மற்றொன்றில் ஒளிந்துகொள்ளும். சிறிய எண்களோடு மட்டும் சோதித்தவர்களுக்கு அது இருப்பதே தெரியாது.

ஊகத்தை விட்டுக் கேட்கத் தொடங்கியது

2018 ஜனவரியில் வெளிவந்த ஜிடிபி 8.1 இந்த ஊகத்தை நீக்கியது. அப்பதிப்பில் குறிப்புகள் இல்லாத 'கெட்என்வ்'-ஐ அழைக்கச் சொன்னால், ஜிடிபி மறுத்துவிட்டு ஒரு செய்தியைத் தரும்: இதன் விடை வகை தெரியவில்லை, அறிவிக்கப்பட்ட விடை வகைக்கு இந்த அழைப்பை வகைமாற்றவும் என்பது அதன் பொருள். மாறியைக் கேட்டாலும் அப்படியே: இதன் வகை தெரியவில்லை, வகையைச் சொல்லவும்.

மேலோட்டமாகப் பார்த்தால், தவறான விடைக்குப் பதில் ஒரு மறுப்பு வந்தது, அவ்வளவுதான் என்று தோன்றும். உண்மையான மாற்றம் அதற்கும் ஆழமானது. வகைமாற்றின் பொருளே அங்கு மாறியது. முன்பு, எழுத்துச் சுட்டியாக மாற்று என்று 'கெட்என்வ்' அழைப்பின் முன்னால் எழுதினால், ஜிடிபி முதலில் செயற்கூறை 'இன்ட்' என்று அழைக்கும், பாதி விடையை எடுக்கும், அதன்பின் அந்தப் பாதியை மாற்றும். அடுப்பில் பால் பொங்கி வழிந்த பின் பாத்திரத்தை மாற்றுவதைப் போன்றது அது. புதிய முறையில், வகை தெரியாத ஒன்றின் முன்னால் வகைமாற்று எழுதப்பட்டிருந்தால், ஜிடிபி அதைச் செயற்கூறின் விடை வகை பற்றிய அறிவிப்பாக முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. எந்தப் பதிவகத்தைப் பார்ப்பது, எத்தனை பைட்டு எடுப்பது, மறைமுக முகவரி அனுப்பவேண்டுமா என்பதெல்லாம் அழைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன.

மாறிகளில் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். 3.14 வைத்திருக்கும், குறிப்புகள் இல்லாத ஒரு மாறியை 'ஃப்ளோட்' வகைக்கு மாற்றச் சொன்னால், பழைய ஜிடிபி அதை முதலில் 1078523331 என்ற முழு எண்ணாகப் படித்து, பிறகு அந்த நூறு கோடிக்கும் மேலான எண்ணை மிதவைப் புள்ளி எண்ணாக மாற்றித் தரும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன இரு வேலைகளும் தவறான வரிசையில் நடந்தன. சரியான விடை வேண்டுமானால் நிரலர் மாறியின் முகவரியை எடுத்து, அதை ஃப்ளோட் சுட்டியாக மாற்றி, அச்சுட்டி காட்டும் இடத்தைப் படி என்று சுற்றிவளைத்து எழுதவேண்டும். அனுபவமுள்ளவர்களுக்கு இந்த உத்தி தெரியும். புதியவர்கள் நூறு கோடியைப் பார்த்து விழித்தார்கள். 8.1-இல் நேரடி வகைமாற்றே 3.14-ஐத் தருகிறது.

விடை வகை மட்டுமல்லாமல், உள்ளீடுகளின் வகையும் முக்கியமான செயற்கூறுகள் உண்டு. பழைய சி விதிப்படி, உள்ளீட்டு வகை அறிவிக்கப்படாத செயற்கூறுக்கு 'ஃப்ளோட்' அனுப்பினால் அது இருமடங்கு அளவுள்ள 'டபுள்' ஆக உயர்த்தப்படும். செயற்கூறு உண்மையில் ஃப்ளோட்டை எதிர்பார்த்தால் தவறான எண் போய்ச் சேரும். இத்தகைய இடங்களில் செயற்கூறின் பெயரையே முழுமையான செயற்கூறுச் சுட்டி வகைக்கு மாற்றி அழைக்கவேண்டும் என்று ஜிடிபியின் வெளியீட்டுக் குறிப்பு எடுத்துக்காட்டுடன் சொல்கிறது. எழுத நீளமானது, ஆனால் விடை வகையும் உள்ளீட்டு வகைகளும் அதில் ஒருசேரத் தெளிவாகிவிடுகின்றன.

ஆப்பிள் நிறுவனம் 2010-இல் வெளியிட்ட எல்எல்டிபி வழுநீக்கி இவ்விடத்தில் முன்பே வந்து நின்றது. அது கோவைகளைத் தானே பகுக்காமல், 'கிளாங்' தொகுப்பியிடமே ஒப்படைக்கிறது. வகைமாற்று விதிகளைத் தொகுப்பி ஒரு விதமாகவும் வழுநீக்கி வேறு விதமாகவும் புரிந்துகொள்ளும் சிக்கல் இதனால் பெரும்பாலும் எழுவதில்லை. வகை தெரியாதவற்றுக்கென 'அறியப்படாத வகை' என்ற ஒன்றையே கிளாங்கினுள் வைத்திருக்கிறார்கள். ஜிடிபி 8.1 தரும் மறுப்புச் செய்தியின் சொற்களும் கிளாங்கின் செய்தியை ஒத்தே இருக்கின்றன.

இத்திருத்தத்தால் இடையூறும் இருந்தது. நிலுவையில் உள்ள வெளியீட்டைத் திரைக்குத் தள்ளும் 'எஃப்ஃப்ளஷ்' போன்ற செயற்கூறுகள் உண்மையிலேயே 'இன்ட்' தருபவை. பல ஆண்டுகளாக அவற்றை வகை எதுவும் சொல்லாமல் அழைத்துவந்த கட்டளைத் தொகுப்புகள், புதிய பதிப்பில் மறுப்பைச் சந்தித்தன. ஒவ்வோர் இடத்திலும் 'இன்ட்' என்று சேர்க்கவேண்டியிருந்தது. சரியாக ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார்கள் என்ற எண்ணம் பயனர்களுக்கு வருவது இயல்பே. ஆனால் எந்த அழைப்பு தற்செயலாகச் சரி, எந்த அழைப்பு தவறு என்று பிரித்தறிய வழுநீக்கிக்கு வழியே இல்லை. சிலருக்குக் கூடுதல் தட்டச்சு, வேறு சிலருக்கு அழிந்துபோகும் நினைவகம் என்ற இரண்டில் முதலாவதைத் தேர்ந்ததே சரியான முடிவு.

வகை தெரிந்தும் தவறுவது

குறிப்புகள் முழுமையாக இருந்தாலும் வகைமாற்று எளிதாகிவிடுவதில்லை. சி++ மொழியில் ஒரு வகுப்பு இரண்டு தாய் வகுப்புகளிலிருந்து மரபுரிமை பெறலாம். ஒவ்வொரு தாய் வகுப்பிலும் 4 பைட்டு முழு எண் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். சேய் வகுப்பின் பொருள் 1000 என்ற முகவரியில் இருந்தால், முதல் தாயின் பகுதி 1000-லும் இரண்டாம் தாயின் பகுதி 1004-லும் இருக்கும். ஆகவே சேய்ச் சுட்டியை இரண்டாம் தாயின் சுட்டியாக மாற்றும்போது முகவரியில் 4 கூட்டவேண்டும். வெறும் வகைப்பெயரை மட்டும் மாற்றும் வழுநீக்கி, முதல் தாயின் எண்ணை எடுத்து இரண்டாம் தாயின் எண் என்று காட்டும். சுட்டி எதையும் சுட்டாத வெறும் சுட்டியாக இருந்தால் 4 கூட்டவும் கூடாது. 0 என்பது 0 ஆகவே இருக்கவேண்டும். தாயிலிருந்து சேய்க்கு மாறுவது இன்னும் கடினம். அந்த இடத்தில் உண்மையில் எந்தச் சேய் இருக்கிறது என்பது, நிரல் ஓடும்போது நினைவகத்தில் உள்ள மெய்நிகர் அட்டவணையைப் பார்த்தால்தான் தெரியும்.

1998-ஆம் ஆண்டின் சி++ தரநிலை, இவ்வேறுபட்ட வேலைகளுக்கு நான்கு தனித்தனி வகைமாற்றுச் செயற்குறிகளைத் தந்திருந்தது. நிரலர்கள் அவற்றைத் தங்கள் நிரலில் நாள்தோறும் எழுதினார்கள். அதே வரியை வழுநீக்கியில் ஒட்டினால் அது புரியாமல் விழித்தது. நான்கையும் ஜிடிபியின் கோவைப் பகுப்பி ஏற்றுக்கொண்டது 2010-இல் வந்த 7.1 பதிப்பில்தான், தரநிலைக்கும் அதற்கும் இடையே 12 ஆண்டுகள்.

மிதவைப் புள்ளி எண்களில் இன்னொரு நுட்பமான வழு இருந்தது. வழுநீக்கி ஓடும் கணினியும் சோதிக்கப்படும் நிரல் ஓடும் கணினியும் வேறு வேறாக இருக்கலாம். பழைய ஜிடிபி, நிரலின் மிதவைப் புள்ளி எண்களைத் தான் ஓடும் கணினியின் மிகப் பெரிய மிதவை வகைக்கு மாற்றிக் கணக்கிட்டது. இன்டெல் வகைக் கணினியில் அவ்வகைக்கு 64 பிட்டு துல்லியம். 113 பிட்டு துல்லியம் கொண்ட எண்களைக் கையாளும் நிரலை அங்கிருந்து சோதித்தால், கடைசி இலக்கங்கள் ஓசையின்றி உதிர்ந்தன. இதையும் தீர்க்க 8.1 பதிப்பே முயன்றது: இரு கணினிகளின் எண் வடிவங்கள் வேறுபடும்போது, 'எம்பிஎஃப்ஆர்' என்னும் கணித நூலகத்தைக் கொண்டு, சோதிக்கப்படும் கணினியின் வடிவத்திலேயே கணக்கிடுகிறது.

டுவார்ஃப் வடிவத்திற்குள்ளேயே இதே குழப்பம் ஒளிந்திருந்தது. உகப்பாக்கம் செய்யப்பட்ட நிரலில் ஒரு மாறியின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்று தொகுப்பி ஒரு சிறு கோவையாக எழுதிவைக்கும். அக்கோவையின் இடைநிலை மதிப்புகளெல்லாம் முகவரி அளவுள்ள, வகையற்ற எண்களாகவே இருந்தன. பழைய பி மொழியின் நிலையேதான். 32 பிட்டு கணினியில் 64 பிட்டு எண்ணை அதில் அடக்க இயலாது. மிதவைப் புள்ளிக் கணக்கைச் செய்யவே இயலாது. குனூ தொகுப்பியாளர்கள் இதற்கு ஒரு நீட்சியை முதலில் செயற்படுத்தினார்கள். 2017-ஆம் ஆண்டின் டுவார்ஃப் 5 அதைத் தரநிலையாக ஏற்றது. அதில் வகைமாற்றுக்கு இரண்டு தனித்தனிச் செயற்குறிகள் உள்ளன: ஒன்று மதிப்பை மாற்றுவது, மற்றது அதே பிட்டுகளை வேறு வகையாகப் படிப்பது.

இன்றைய நிலை

2019-இல் தோன்றிய 'டீபக்இன்ஃபோடி' என்னும் சேவை, நீக்கப்பட்ட குறிப்புகளை வலையமைப்பின் வழியே தேவைப்படும்போது பெற்றுத் தருகிறது. 2020-இல் வந்த ஜிடிபி 10 முதல் அதைப் பயன்படுத்த முடிகிறது. அச்சேவை கிடைக்கும் இடத்தில் 'வகை தெரியவில்லை' என்ற மறுப்பே அரிதாகத்தான் வரும். வலையிணைப்பு இல்லாத ஆய்வகங்களிலும், குறிப்புகளே வெளியிடப்படாத வணிக நூலகங்களிலும் நிரலர்தான் இன்னும் வகையைச் சொல்லவேண்டும். அவர் சொன்னது சரியா என்று வழுநீக்கி சோதித்துப் பார்க்க வழியில்லை. 'டபுள்' தரும் செயற்கூறை 'இன்ட்' என்று வகைமாற்றி அழைத்தால், ஜிடிபி பழைய நாட்களைப் போலவே தவறான பதிவகத்தைப் பார்த்து, அங்கு கிடப்பதை எடுத்துக் காட்டும்.